உங்களுக்கு அடுத்த நம்பர்

ஒரு சின்னக் கணக்கு போடலாமா?

உங்கள் மகன் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். மார்க் பரவாயில்லை. ஆகா ஓகோ என்று சொல்ல முடியாது. அதற்காகக் குறைவு என்றும் தள்ள முடியாது. ஒரே வாரத்தில் வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வருகின்றன. திங்கட்கிழமை காலை 9 மணிக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இன்டர்வியூ. செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் இன்ஜினீயரிங் கவுன்சலிங். இரண்டு ஊருக்கும் நடுவில் ஐநூறு கிலோமீட்டர். கோயம்புத்தூரில் எத்தனை மணிக்கு வெளியே விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

என்ன செய்வீர்கள்?

‘இதில் யோசிக்க என்ன சார் இருக்கு? ரயில் எத்தனை மணிக்குன்னு பார்க்க வேண்டியதுதானே’ என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தக் கணக்கில் ரயிலைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது என்று எனக்குப் புரிய வைத்தவர் ஒரு லாரி டிரைவர்.

நாமக்கல் பக்கம் சேந்தமங்கலம். கொல்லிமலை அடிவாரம். முட்டை, லாரி, ஹாஸ்டல் ஸ்கூல் என்ற மூன்றுக்கும் பேர்போன மாவட்டம் அது. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அப்பா லாரி ஓட்டுவார், அம்மா ஆடு மாடு பார்ப்பார், பையனைக் கடன் வாங்கியாவது ஹாஸ்டல் ஸ்கூலில் சேர்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இந்தக் கதை உண்டு. 2007-ல் இன்ஜினீயரிங், மெடிக்கலுக்கான மாநில நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். ப்ளஸ் டூ மார்க்தான் எல்லாம் என்று ஆனது. நான் சொல்லும் சம்பவம் அதற்கு அடுத்த வருஷம் நடந்தது.

எனக்குத் தெரிந்த அந்தக் குடும்பத்தில், மேலே சொன்னபடியே இரண்டு கடிதங்கள் வந்தன. அப்பா அப்போது லோடோடு நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் அம்மா, பையன், அம்மாயி, தாய்மாமன். மாமன்தான் பஞ்சாயத்துக்குத் தலைவர்.

“இதுல கொழப்பிக்க என்ன மாப்ள இருக்குது? திங்கக்கெழம காலைல கோயமுத்தூர் போறோம். பணத்தைக் கட்டி சீட்டைப் புடிச்சுப் போட்டுர்றோம். ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ்ல ஏறுனா விடியக்கால மெட்ராஸ். அங்க நல்ல காலேஜ் கெடைச்சா இதை உட்டுர்றோம். கெடைக்கலீன்னா இது இருக்குது. அவ்வளவுதான்!”

யோசித்துப் பாருங்கள். இதில் என்ன தப்பு? நீங்களோ நானோ இருந்தாலும் இதைத்தானே சொல்லியிருப்போம்?

பையனுக்கு மட்டும் ஒரு உறுத்தல். கோயம்புத்தூர்க் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வருஷ அட்மிஷனில் மிச்சமிருந்த சில சீட்டுகளுக்கான கடைசி இன்டர்வியூ அது. அன்றோடு லிஸ்ட் மூடப்படும். அதாவது, இவன் பணம் கட்டி ஒரு சீட்டைப் பிடித்துவிட்டு மறுநாள் விட்டுவிட்டால், அந்த சீட் வேறு யாருக்கும் போகாது. வருஷம் முழுக்கக் காலியாகவே கிடக்கும்.

ராத்திரி அப்பாவிடமிருந்து போன் வந்தது. பையன் விஷயத்தைச் சொன்னான். அப்பா எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தவர். அவர் சொன்னது இதுதான்:

“ஏன் சாமி, நாம ரெண்டு பார்ட்டிகிட்ட லோடு ஒத்துக்கிட்டு ஒருத்தருகிட்டப் போகாம இருந்தா, அந்தாளு என்ன பண்ணுவான்? சரக்கை ரோட்டுல போட்டுட்டு ஒக்காந்திருப்பான். வண்டி வராதுன்னு முன்னாடியே சொல்லிட்டா, வேற வண்டி பாத்துக்குவானில்ல? ரெண்டு எடத்துல கேக்கறது தப்பில்ல கண்ணு. வராத வண்டியை வருதுன்னு சொல்றதுதான் தப்பு.”

மறுநாள் பையன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அந்தக் கல்லூரிக்குப் போன் போட்டான். முதலில், தேதியை ஒருநாள் தள்ளித் தர முடியுமா என்று கேட்டான். முடியாது என்றார்கள். ‘அப்படின்னா நான் வரலைங்க. என் எடத்துக்கு அடுத்த நம்பரைக் கூப்பிட்டுக்கங்க’ என்றான். எதிர்முனையில் இருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அப்புறம், “வராதவங்க யாரும் இப்படி போன் பண்ணிச் சொல்றதில்லையே தம்பி!” என்றாராம்.

சென்னையில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கதையாக இருந்தால் அவனுக்கு அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. அவன் நம்பர் வந்தபோது கேட்ட பிரிவு தீர்ந்துபோயிருந்தது. வேறொரு கல்லூரியில் வேறொரு பிரிவு கிடைத்தது. கோயம்புத்தூர் சீட் அதைவிட நல்லது என்பது மாமனின் கட்சி. இன்றைக்கும் அவர் வாயில் அந்தப் பையனுக்குப் பெயர், ‘பொழைக்கத் தெரியாதவன்’.

அவன் பிழைக்கத் தெரியாதவனா? இந்த வாரம் நாம் யோசிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

முதலில் மாமன் பக்க நியாயத்தைப் பார்த்துவிடுவோம். அவர் கெட்டவர் இல்லை. வசதி இருக்கிறவனுக்கு ஒரு வாய்ப்பு போனால் அப்பா பணம் இன்னொரு வாய்ப்பை வாங்கித் தரும். இல்லாதவனுக்குப் போனால் போனதுதான். ஆகவே கையில் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள் என்று சொல்வது ஏழைக் குடும்பத்தில் பேராசை ஆகாது, அது பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்யும் யோக்கியதை நமக்குக் கிடையாது.

ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது யார்? மாமன் இல்லை, பையன் இல்லை, கல்லூரியும் இல்லை. கல்லூரிக்குத்தான் பணம் வந்துவிட்டதே! விலை கொடுப்பவன், லிஸ்ட்டில் இவனுக்கு அடுத்த நம்பரில் நிற்கும் இன்னொரு பையன். அவனும் ராசிபுரத்திலோ சங்ககிரியிலோ இதே மாதிரி ஒரு ஓட்டு வீட்டில், இதே மாதிரி ஒரு அம்மாயியோடு கடிதத்துக்குக் காத்துக்கொண்டிருப்பான். அவன் அப்பாவும் எங்கேயோ லோடோடு போய்க்கொண்டிருப்பார். ஒரு ஏழையின் பயத்துக்கு இன்னொரு ஏழை விலை கொடுக்கிறான். அவன் முகம் நமக்குத் தெரியாததால் உறுத்தவும் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதையோடு முடிகிறதா என்றால், இல்லை. அந்த வருஷங்களில் சென்னையில் இது பெரிய அளவிலேயே நடந்தது. நல்ல மார்க் வாங்கியவர்கள் இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கிண்டியில் இடம் பிடிப்பார்கள். அப்புறம் மெடிக்கல் கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள். மாநிலத்திலேயே எல்லோரும் ஆசைப்படும் கல்லூரியில் நாற்காலிகள் காலியாகும். அதற்கு ஆசைப்பட்டு, ஒரு அரை மார்க்கில் தவறவிட்டவன் வேறெங்கேயோ சேர்ந்து பணமும் கட்டியிருப்பான்.

அந்த மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. டாக்டராக ஆசைப்படுகிறவன், மெடிக்கல் முடிவு தெரியாத நிலையில் இன்ஜினீயரிங்கை எப்படி விடுவான்? ஒரே அரசாங்கத்தின் இரண்டு அலுவலகங்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து தேதி குறித்தால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும். கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போது பங்காளி வீட்டு விசேஷம் அன்றைக்கு இருக்கிறதா என்று நாம் கேட்டுக்கொள்வதில்லையா? ஒரு குடும்பத்துக்கு இருக்கும் அந்த நாகரிகம் அலுவலகங்களுக்கும் வேண்டும். தேதி குறிப்பதும் தர்மம் சம்பந்தப்பட்ட வேலைதான்.

தேதி என்றதும் இன்னொன்று. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அது நியாயம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காலை 8 மணி என்றால் எல்லோருக்கும் 8 மணிதான். அடையாறில் இருக்கிற பையனுக்கு 8 மணி என்பது குளித்துச் சாப்பிட்டு, பஸ்ஸில் சில ஸ்டாப். கொல்லிமலைப் பெண்ணுக்கு அது எழுபது கொண்டை ஊசி வளைவு, அப்புறம் நாமக்கல், அப்புறம் ராத்திரி முழுக்கப் பயணம். நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013-ல்தான். அதுவரை சேலம் ஜங்ஷனுக்கோ கரூருக்கோ ஈரோட்டுக்கோ போய்த்தான் ஏற வேண்டும். கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த மணிக்குப் போய்ச் சேரும் பாதை ஒன்றில்லை.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு யோசனை சொன்னார். ஒரு சமூகத்துக்கு விதி எழுதுகிறவர்கள், தாங்கள் அதில் யாராகப் பிறக்கப் போகிறோம் என்று தெரியாமல் எழுத வேண்டும். பணக்காரனா ஏழையா, ஆணா பெண்ணா, எதுவும் தெரியக் கூடாது. நடுவில் ஒரு திரை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அடையாறில் பிறப்போமா, கொல்லிமலையில் பிறப்போமா என்று தெரியாமல் கவுன்சலிங் தேதி குறிக்க வேண்டும். அப்படிக் குறித்தால், ‘வர முடியாதவர்கள் இன்ன தேதிக்குள் தெரிவித்தால் வேறு நாள் தரப்படும்’ என்ற ஒரு வரியைச் சேர்க்காமல் விடுவோமா?

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சம்பவம் ஞாபகம் வரலாம். 2015 ஆகஸ்ட்டில் பத்திரிகைகளில் வந்தது. திருச்சி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாயும் மகளும் விவசாயப் படிப்பு கவுன்சலிங்குக்குக் கிளம்பினார்கள். இடம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அண்ணா அரங்கம். ‘அண்ணா’ என்றதும் அவர்கள் விடியற்காலையில் வந்து நின்ற இடம், சென்னை அண்ணா பல்கலைக்கழகம்! கவுன்சலிங் அன்று காலையே. கோவையில்.

திருக்குறளில் 49-ஆவது அதிகாரம் காலமறிதல். அதற்கு அடுத்தது இடனறிதல். வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். காலம் தவறாமல் வந்துவிட்டார்கள், இடம் தவறிவிட்டது.

அங்கே காலை நடைப்பயிற்சிக்கு வந்திருந்த சிலர் அவர்களிடம் பேச்சுக் கொடுத்தார்கள். கடிதத்தை வாங்கிப் பார்த்தார்கள். விஷயம் புரிந்ததும் தங்கள் பணத்தில் விமான டிக்கெட் எடுத்தார்கள். கோவைப் பல்கலைக்கழகத்துக்குப் பேசி, பெண் வந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிவித்தார்கள். பல்கலைக்கழகமும் தாமதமாக வந்த பெண்ணை ஏற்றுக்கொண்டது. சீட் கிடைத்தது. படித்துவிட்டுக் கண்கலங்காதவர்கள் குறைவு.

எனக்கு இதில் இரண்டு விஷயங்கள் முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது, உதவியவர்கள் வாக்கிங் போனவர்கள். அதாவது, அவசரம் இல்லாதவர்கள். இது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 1973-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்ஸன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பாதிரியார் படிப்பு படிக்கும் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். சிலருக்கு, வழியில் விழுந்து கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையே பேச்சுக்குத் தலைப்பு! போகிற வழியில் ஒரு ஆளை இருமிக்கொண்டு சுருண்டு உட்கார வைத்திருந்தார்கள். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ‘ஏற்கெனவே லேட், ஓடு’ என்று அனுப்பப்பட்டவர்களில் பத்து சதவீதம் பேர்தான் நின்றார்கள். தலைப்பு என்ன என்பது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை.

நல்லவனா கெட்டவனா என்பதைவிட, கையில் பத்து நிமிஷம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அங்கே பெரிதாகிவிட்டது. நம் அலுவலகக் கவுன்டர்களில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் இரக்கமில்லாதவர்கள் என்று நாம் நினைக்கிறோம். ஒரு மணி நேரத்தில் நூறு பேரை அனுப்பியாக வேண்டும் என்ற இடத்தில் நம்மை உட்கார வைத்தாலும் நாம் அப்படித்தான் ‘முடியாது, அடுத்தவர் வாங்க’ என்போம். ஆகவே, நேரம் மோதுகிறது என்றால் கடைசி நிமிஷத்தில் போய் நிற்காதீர்கள். அது எதிரே இருப்பவரை அவசரக்காரராக ஆக்கிவிடும். பத்து நாள் முன்னால் கேளுங்கள். அதே ஆளிடம் அதே கேள்விக்கு வேறு பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது விஷயம், பல்கலைக்கழகம் விதியை மீறியதா? மற்றவர்களுக்கு அது அநியாயம் ஆகாதா? கறாரான ஆள் ஒருவர் என்னிடமே இதைக் கேட்டார். “மத்தவங்க எல்லாம் அட்ரஸ் பாத்து கரெக்டா வரலையா சார்?”

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் இதற்கு ஒரு உதாரணம் வைத்திருக்கிறார். லெஸ்பாஸ் தீவில் வீடு கட்டுகிறவர்கள் ஈயத்தால் ஆன அளவுகோலை வைத்திருந்தார்களாம். அது கல்லின் வடிவத்துக்குத் தக்கபடி வளையும். விதியும் சில இடங்களில் அப்படி வளைய வேண்டும், அதுதான் மேலான நியாயம் என்றார். எங்கே வளையலாம், எங்கே கூடாது? விதி எதற்காக வந்தது என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். கவுன்சலிங்குக்குத் தேதியும் நேரமும் எதற்கு? மார்க் வரிசைப்படி குழப்பமில்லாமல் இடம் கொடுப்பதற்கு. யாருக்கு விலாசம் சரியாகப் படிக்கத் தெரிகிறது என்று பரீட்சை வைப்பதற்கு அல்ல. அந்தப் பெண்ணின் தாமதம் அவள் மார்க்கைக் குறைத்துவிடவில்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. வருகிறேன் என்று சொல்லியும் விட்டாள். வளைந்துகொடுக்கலாம்.

மாமன் போட்ட திட்டத்தையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள். அதில் எந்த விதியும் மீறப்படவில்லை. நேரத்துக்குப் போவார்கள், பணம் கட்டுவார்கள், ரசீது வாங்குவார்கள். எல்லாம் கச்சிதம். ஆனால் விதி எதற்காக வந்ததோ, அது மட்டும் நடக்காது. படிக்க வேண்டிய ஒருவனுக்கு இடம் போகாது. தாமதமாக வந்து விதியைக் காப்பாற்றியவர்களும் உண்டு. நேரத்துக்கு வந்து விதியைக் கெடுத்தவர்களும் உண்டு!

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. 2018-லிருந்து இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஆன்லைன். ராத்திரி பஸ் இல்லை, கிண்டி மரத்தடியில் துண்டு விரித்துப் படுப்பது இல்லை. நல்ல விஷயம். ஆனால் முன்பெல்லாம் அந்தப் பெரிய ஹாலில் காத்திருக்கும்போது, பக்கத்து நாற்காலியில் இருப்பவனின் முகமாவது தெரியும். அவன் அம்மா கையில் இருக்கும் மஞ்சள் பை தெரியும். இப்போது எதிரே ஒரு திரை மட்டும். வேண்டாத இடத்தை விட்டுவிட ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அழுத்தாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. வேலை சுலபமாகிவிட்டது. மறப்பதும் சுலபமாகிவிட்டது.

ஆகவே, உங்கள் வீட்டில் தேதிகள் மோதினால் நான் சொல்வது இவ்வளவுதான். கடிதத்தை இரண்டு தடவை படியுங்கள். தேதிக்கு ஒரு தடவை, இடத்துக்கு ஒரு தடவை. எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். காதுகுத்தை மாற்றலாம். ரேங்க் பார்த்துக் கொடுத்த நேரத்தை மாற்றுவது கஷ்டம். தாமதமாய்ப் போனால் அப்போது மிச்சம் இருப்பதில்தான் பொறுக்க வேண்டும். மாற்றித் தர முடியுமா என்று கூச்சப்படாமல், முன்கூட்டியே, எழுதிக் கேளுங்கள். ‘கேட்டா தப்பா நெனைப்பாங்க’ என்ற கூச்சத்தினாலேயே நம் பக்கத்துப் பிள்ளைகள் பல வாய்ப்புகளை இழந்திருக்கிறார்கள். இல்லை என்று சொல்லட்டும்; நஷ்டம் என்ன?

இரண்டு இடத்தில் முயற்சி செய்வதில் பாவமில்லை. எதுவும் முடிவாகாத வரை இரண்டையும் கையில் வைத்திருங்கள். ஆனால் ஒன்று முடிவான அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, மற்றதற்கு ‘நான் வரவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தில் யாரோ ஒருவனின் நாலு வருஷம் இருக்கிறது.

சேந்தமங்கலத்துப் பையனுக்கு வருவோம். பிடித்து வைத்துக்கொண்டு விட்டால் வீணாகும் என்று தெரிந்துதான் அவன் கோயம்புத்தூரை விட்டான். அதனால் அவனுக்கு நஷ்டம் உண்டா? உண்டு. அதை மறைக்க மாட்டேன். நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று நான் சொன்னால், நீங்களே சிரிப்பீர்கள். சில நேரம் நியாயத்துக்குக் கைக்காசு போட வேண்டியிருக்கிறது. அவன் போட்டான். கொஞ்ச வருஷம் கழித்து அவனைப் பார்த்தபோது, “வருத்தமா?” என்று கேட்டேன். “மாமா திட்டும்போது மட்டும் கொஞ்சம் வருத்தமா இருக்குங்க” என்று சிரித்தான்.

கோயம்புத்தூரில் அந்த இடத்தில் யாரோ ஒருவர் சேர்ந்து, படித்து முடித்து, இந்நேரம் வேலையில் இருப்பார். பையனா பெண்ணா, எந்த ஊர் என்று இவனுக்குத் தெரியாது. தனக்கு எப்படி அந்த இடம் வந்தது என்று அவருக்கும் தெரியாது. ஒரு நாலு ரூபாய் போன்காலில் ஒருவர் வாழ்க்கைக்குள் போய்விட்டு வந்த கதை, இரண்டு பேருக்குமே தெரியாமல் இருக்கிறது.

நம் கையிலும் இப்படி ஏதாவது இருக்கும். போகப்போவதில்லை என்று தெரிந்தும் ரத்து செய்யாத ரயில் டிக்கெட். வாங்கி வைத்து மறந்துபோன டாக்டர் டோக்கன். வேறு வேலைக்குப் போய்விட்டும் ‘வரவில்லை’ என்று சொல்லாத ஒரு ஆர்டர். இந்த வாரம் ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தால், ஒரு போன் போட்டுவிடுங்கள்.

அடுத்த நம்பர் காத்துக்கொண்டிருக்கிறது.